படகு ஒயரிங்

சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மெக்கானிக்குகள் சங்கம். நல்ல பிள்ளைகள்தான். 'ஒரு பெண்ணாக இந்தத் தொழிலில் நான் பட்ட கஷ்டங்கள்' என்று தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். கூடவே ஒரு போட்டோவும் வேண்டுமாம். நல்ல புடவை கட்டிக்கொண்டு, காயில் சுற்றுகிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி.

அந்தத் தலைப்பில் எழுத மாட்டேன். கஷ்டப்பட்டேனா என்றால் பட்டேன். அதைச் சொல்லி நாலு பேரை உச்சுக்கொட்ட வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. நான் வண்டி எலெக்ட்ரீஷியன். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார், டைனமோ, ஒயரிங், இதுதான் நான் பார்த்த வேலை. எழுதினால் அதைப் பற்றி எழுதுவேன். போட்டோ விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்த பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "இப்ப ஸ்கேனரு வந்துட்ச்சும்மா, மாட்னா அதுவே கோளாறு சொல்லுது. அப்பல்லாம் எப்டிம்மா கண்டுபுடிச்சீங்க?" ஸ்கேனர் வரட்டும், எனக்கு அதன்மேல் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேனரும் ஒரு ஆள் வண்டியண்டை போய் மாட்டினால்தான் வாய் திறக்கும். வண்டியைப் பார்க்காமலே கோளாறு சொல்கிற மனிதரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் நைனாவுக்குப் பழவேற்காடு பஜாரில் சின்ன வைண்டிங் கடை இருந்தது. மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று எது வந்தாலும் சுற்றிக் கொடுப்பார். நாங்கள் மீன் பிடிக்க ஏரிக்குப் போகிற குடும்பம் இல்லை. கூலி வேலையும் கோயில் பாட்டுமாக இருந்த கிறிஸ்தவக் குடும்பம். கம்பி சுற்ற எனக்கு எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. நைனா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற தம்பியும் என் பொறுப்பானார்கள். பொன்னேரியில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஒர்க்ஷாப்பின் பின்பக்கம், சாக்குத் திரைக்கு அந்தப்புறம் என் மேஜை. வண்டிகள் நிற்பது முன்பக்கம். நான் முன்பக்கம் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை; ஆனால் போனால் எல்லோர் கையும் நின்றுவிடும். "இன்னாம்மா வேணும்?" என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம், வண்டியைப் பார்க்க வந்தேன் என்று சொல்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை.

முன்பக்கத்துக்கு ராஜா என்றால் அது ஏகாம்பரம் மேஸ்திரிதான். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெளுத்த வேட்டி, காதில் பென்சில். வேட்டியில் கிரீஸ் பட்டு ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அவர் வண்டிக்கு அடியில் போகவே மாட்டார். ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொல்வார். "வால்வு." அல்லது "பேரிங்." ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டவனை அன்றைக்கு டயர் கழுவ அனுப்பிவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் வம்பே. பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்கிற மனிதர் பத்தாவதிலும் தப்பு செய்ய மாட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

ஒருநாள் தேசப்பன் ஒரு சாக்கை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அவரை எனக்குத் தெரியும், எங்கள் ஊர்க்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்பட்டை இறங்கிப் போனதால் கடலை விட்டுப் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஏரிக்கு அந்தப்புறம் இருக்கிற பசியாவரத்திலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்களை அனுப்பம்பட்டு ரயிலுக்கும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுவது அந்த வண்டிதான். சாக்குக்குள் அந்த வண்டியின் செல்ஃப் மோட்டார் இருந்தது.

"செல்ஃப் எடுக்க மாட்டேங்குது மேஸ்திரி. டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்."

"லைட்டு மங்குச்சா?"

"மங்கல. ஜோரா எரியுது."

"காயில்," என்றார் மேஸ்திரி. விசாரணை முடிந்தது.

அவர் கணக்கு இதுதான். விளக்கு நன்றாக எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. டக் என்று சத்தம் வந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது. மோட்டார் இழுத்திருந்தால் விளக்கு மங்கியிருக்கும். மங்கவில்லை, ஆகவே மோட்டார் செத்துவிட்டது. நியாயமான கணக்குதான். ஆனால் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு அது செத்ததாகத் தெரியவில்லை. கருகல் வாடை இல்லை. கார்பன் பிரஷ் தேயவில்லை. செல்ஃப் மோட்டாருக்குள் மின்விசிறி மாதிரி மெல்லிய கம்பி கிடையாது, விரல் அகலத்துக்குச் செம்புப் பட்டை இருக்கும். அதன்மேல் சுற்றிய நாடா பழுப்பேறி இருந்ததே தவிர எங்கேயும் அவியவில்லை. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "சுத்துனு சொன்னா சுத்து," என்றார். சுற்றினேன். புது நாடா போட்டு, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்து, மேஜையில் மாட்டி ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். மேஜையில் அது துள்ளிக் குதித்து ஓடியது.

மோட்டார் அதே சாக்கில் திரும்பி வந்தது. அதே டக்.

"சுத்துனது சரியில்ல," என்றார் மேஸ்திரி. மறுபடி மேஜையில் மாட்டினேன், மறுபடி ஓடியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மேஜ மேல எல்லாம்தான் ஓடும். வண்டில ஓடணும்," என்றார். அது சரியான பேச்சு. ஆனால் அதன் அர்த்தம் அவருக்கே புரியவில்லை. மேஜையில் ஓடுகிறது, வண்டியில் ஓடவில்லை என்றால் கோளாறு வண்டியில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "வண்டிய ஒருக்கா பாத்துட்டு வரட்டா மேஸ்திரி?" என்று கேட்டேன். முன்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "வண்டிக்குப் போற வேல ஆம்பளைங்களுது. நீ போய் ரோட்ல படுத்துனு கெடந்தா ஒர்க்ஷாப் பேரு இன்னாத்துக்கு ஆவும்? இன்னொரு தபா சுத்திக் குடு. இது திரும்பி வந்துச்சுனா நீயும் வர வேணாம்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் ஒரு பிடி அதிகமாக இருந்தது. நான் சுற்றிய காயிலைக் கெட்டது என்று சொல்கிறார். கெடாத ஒன்றை மறுபடி பிரித்துச் சுற்றினால், கெட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். சாயங்காலம் அந்த மோட்டாரைப் பிரிக்காமல் அப்படியே சாக்கில் போட்டு, தடித்த பேட்டரி கேபிள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே வண்டி நிற்கிற இடத்துக்குப் போனேன். டச்சுக்காரர் கல்லறையின் மதிலோரம் நிற்கும். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு இரண்டு நிற்கின்றன அல்லவா, அதற்குப் பக்கத்தில். "சரியான எடத்துலதான் நிக்கிது உன் வண்டி," என்று தேசப்பனை ஊரே கிண்டல் செய்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்றால் அங்கே முழுக்க மணல். மணலில் தள்ளினால் சக்கரம்தான் புதையும். அதனால்தான் மனிதர் வண்டியை விட்டுவிட்டு மோட்டாரைச் சுமந்துகொண்டு அலைந்தார்.

முதலில் என்னை அசந்துபோக வைத்தது வண்டியின் அழகு. உடம்பெல்லாம் பளபளவென்று படகு நீலம்.

"புதுசா அடிச்சீங்களா ண்ணா?"

"பின்ன? படகுங்கள கரையேத்திப் பெயின்ட் அடிக்கறப்ப இதையும் ஒரு கை பாத்துட்டேன். உப்புக் காத்தும்மா. உட்டா துன்னுட்டுப் பூடும்."

மோட்டாரை இருவருமாக மாட்டினோம். விளக்கைப் போடச் சொன்னேன். சுவிட்சை அமுக்கச் சொன்னேன். டக். விளக்கு அசையவில்லை. மேஸ்திரி சொன்ன அதே அடையாளம். ஆனால் மேஸ்திரி கேட்டதோடு நின்றார். நான் வண்டிக்குள் தலையை நீட்டி, மறுபடி மறுபடி அமுக்கச் சொன்னேன். லேசாக ரப்பர் தீய்கிற வாடை. எங்கிருந்து என்று கையால் தடவிக்கொண்டே போனேன். சோக் இழுக்கிற கம்பி கை வைக்க முடியாமல் சுட்டது.

சோக் கம்பி ஏன் சுட வேண்டும்? அது ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற பலகையிலிருந்து என்ஜினுக்குப் போகிற வெறும் இழுவைக் கம்பி; அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்டு மோட்டாரைச் சுற்றிவிட்டு மறுபடி பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். காரில் அதற்குத் தனி ஒயர் கிடையாது. என்ஜினும் வண்டியின் இரும்பு உடம்பும்தான் அந்த ஒயர். இரண்டையும் ஒரு பின்னல் பட்டை சேர்க்கும். அதைத்தான் எர்த் என்கிறோம். அந்த வழி அடைபட்டுவிட்டது. வேறு போக்கிடம் இல்லாமல், பாவம், நூல் மாதிரி இருக்கிற சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரே வழிதான். கொண்டுபோன கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் பிடித்தேன், மறுமுனையை மோட்டாரின் உடம்பில் அழுத்தினேன். "இப்ப அமுக்குங்க ண்ணா."

என்ஜின் எழுந்துவிட்டது. படித்துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தேசப்பன் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்தார். என் காயில் நல்ல காயில். எனக்கு அழுகை வந்தது, அதைத் துடைக்கக்கூட கை சுத்தமாக இல்லை.

ஆனால் ஏன் அடைபட்டது என்று பார்க்க அடியில் போக வேண்டும். சாக்கை விரித்தேன். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். கூட்டம் கூடியது சத்தத்திலேயே தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர், "கலிகாலம். பொம்பள நடுரோட்ல படுத்துனு கீறா," என்றார்.

தேசப்பன் மனைவி கன்னியம்மாவின் குரல் உடனே கேட்டது. "இன்னாய்யா உனுக்கு? ஏரில கையால எறா தடவிப் புடிக்கிற பொம்பளைங்க மாரளவு தண்ணில குனிஞ்சி கெடக்கறாங்களே, அப்ப நீ கண்ண மூடினியா? துன்றப்ப மட்டும் எறா இனிக்குது. போவியா, அந்தாண்ட!"

அடியில் கண்டது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கறுப்பாக, வழவழவென்று, ஒரு துளி துரு இல்லாமல் இருந்தது. தாரும் பெயின்டும் கலந்து இரண்டு கோட்டு. எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்கு அடியிலும் பெயின்ட், பட்டையின் மேலும் பெயின்ட், போல்ட் போகிற துளைக்குள்ளும் பெயின்ட்.

"ண்ணா, போல்ட்டக் கழட்டிட்டா பூசுனீங்க?"

"ஒவ்வொண்ணையும்!" என்றார், பெருமையாக. "போல்ட்டு மேல பூசுனா அடியில உப்பு பூந்துக்கும். கழட்டி, அடியில பூசி, காயவுட்டு, அப்பறம் முடுக்கணும். படகுல அப்டித்தான் செய்வோம்."

"அந்தப் பட்டை எதுக்குனு தெரியுமா?"

"என்ஜின் ஆடாம இருக்க இழுத்துக் கட்டிக்கீறாங்கனு நெனச்சேன்."

"அதாண்ணா கரண்டு திரும்பி வர ஒயரு."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எங்க படகுல வெளக்குக்குப் போற ஒயரு ஒண்ணு, வர ஒயரு ஒண்ணு. இந்த வண்டில எந்த வெளக்கப் பாத்தாலும் ஒரு ஒயருதான் கீது. வர ஒயர எவனோ உருவிட்டான், பழைய வண்டிய என் தலையில கட்டிட்டான்னு இத்தினி நாளு நெனச்சினு இருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தால் மண் வாயில் விழும், விழுந்தது. ஆனால் அவர் கேட்டது சிரிக்கிற விஷயம் இல்லை. மரத்தில் கரண்டு ஓடாது, ஆகவே படகில் திரும்பி வர ஒரு ஒயர் வேண்டும். அதைப் பழகிய கை, கார் உடம்பே ஒயர் என்று எப்படி நினைக்கும்? உப்பைப் பற்றி அவர் சொன்னதும் நிஜம். பொன்னேரியில் இருக்கிற வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் ஊரில் சுரண்டிவிட்ட இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருப் பூத்துப்போகும். நான் எர்த்தைச் சுரண்டிக் கட்டினால் உப்பு தின்னும். அவர் பூசினால் கரண்டு நிற்கும்.

ஆகவே இரண்டும் செய்தோம். பட்டை உட்காருகிற இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தேன். இரும்போடு இரும்பு சேர முடுக்கினேன். முடுக்கிய பிறகு, மேலே, கிரீஸை அப்பினேன். பூச்சு எப்போதும் முடுக்கிய பிறகுதான். இதை இப்போதைய பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அதன் பிறகு நான் கொண்டுவந்த தடித்த கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக மோட்டாரின் போல்ட்டுக்கு இழுத்துக் கட்டினேன். பட்டை நாளைக்குத் துருப்பிடித்தாலும் இது இருக்கும். தேசப்பன் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதாம்மா முழு வண்டி. போற ஒயரு, வர ஒயரு."

திங்கட்கிழமை காலை அந்த வண்டியிலேயே பொன்னேரிக்குப் போனேன். தேசப்பன் ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, மறுபடி எடுத்தார். அணைத்தார், எடுத்தார். மேஸ்திரி வெளியே வந்தார்.

"காயில் மாத்துனியா?"

"பிரிக்கவே இல்ல மேஸ்திரி. எர்த். போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டு."

"அதான் நானும் நெனச்சேன்," என்றார்.

"நெனச்சீங்கன்னா சொல்லியிருக்கலாமே."

முன்பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி பானெட்டைத் திறக்கச் சொல்லி, என் கேபிளை நுனி விரலால் தூக்கிப் பார்த்தார். "இது இன்னா படகு ஒயரிங்கு?"

"ஆமா, படகு ஒயரிங்குதான்."

கேபிளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு, "சரி, உள்ள போ. ரெண்டு டைனமோ வந்து கீது," என்றார். வேலை போகவில்லை. அதற்காகத்தானே இத்தனையும். சாக்குத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்குக் கால் நகரவில்லை.

"இனிமே வண்டியப் பாக்காம மோட்டாரத் தொட மாட்டேன் மேஸ்திரி."

"அப்ப வூட்டுக்குப் போ."

உள்ளே போய் என் மரச்சுத்தியையும் நாடாக் கட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். தேசப்பன், "இன்னாம்மா, எறங்குன சூட்டோட ஏர்ற?" என்றார். "பழவேற்காட்டுக்குத் திருப்புங்க ண்ணா," என்றேன். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீரம் எல்லாம் பொன்னேரியைத் தாண்டும் வரைதான் இருந்தது. ஆனால் திரும்பிப் போகலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

கல்லறை மதிலோரம், தேசப்பன் வண்டி நின்ற இடத்துக்கு எதிரே கடை போட்டேன். முதல் வருடம் பட்டினிதான். அந்த வண்டிதான் எனக்கு விளம்பரம். உப்புக் காற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே அமுக்கில் எழுந்தது. மெல்ல ஏரிக்கரை வண்டிகள் எல்லாம் வர ஆரம்பித்தன. பின்னால் காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது அங்கே ஓடுகிற வேன்களும் வந்தன. வந்த வண்டிக்கெல்லாம் மைனஸிலிருந்து மோட்டாருக்கு ஒரு கேபிள் இழுத்தேன். படகு ஒயரிங் என்று இன்றைக்கும் சில பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏகாம்பரம் மேஸ்திரி கடைசி வரை என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஒர்க்ஷாப்பில் ஒரு கேபிளை எர்த்தில் பிடித்துப் பார்க்காமல் எந்த செல்ஃப் மோட்டாரையும் கழற்றியதில்லை என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ள வேண்டாம். கை ஒப்புக்கொண்டால் போதும்.

இனி போட்டோ. காயில் சுற்றுகிற மேஜைக்கு முன்னால் நல்ல புடவையோடு உட்கார மாட்டேன். அந்த மேஜையை விட்டு எழுந்ததால்தான் நீங்கள் என்னிடம் கட்டுரை கேட்டு வந்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரே படம். அந்த ஞாயிற்றுக்கிழமை டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த யாரோ வெளியூர்க்காரர் எடுத்து, பிறகு தேசப்பனுக்குக் கொடுத்தது. வாசலில் அந்த இரண்டு எலும்புக்கூடு, முன்னால் நீல அம்பாசிடர், சுற்றிலும் ஊர்க்கூட்டம். என் முகம் அதில் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டு இருக்கிறது, குதிகாலில் தார்.

அதையே போடுங்கள். முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். கீழே என் பெயரை எழுதுங்கள்: எஸ்தர், வண்டி எலெக்ட்ரீஷியன்.